மனைவிக்குச் சொன்ன கப்பல் பம்புகள்

தெருவுக்கே தெரிந்த விஷயம் என்பதால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மையவிலக்குப் பம்பை ஒருபோதும் தண்ணீரில்லாமல் ஓட்டக் கூடாது என்று என் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் வீட்டு மோட்டாரைத் தண்ணீரில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். விளக்கம் நன்றாக வந்துகொண்டிருந்ததால் நிறுத்த மனமில்லை. கருகல் வாடை எழுந்தது. “ஏங்க, என்னமோ தீயுது” என்றாள் அவள். “அதுக்குத்தான் வாரேன். உள்ள காத்து மட்டும் இருந்தா சூடு ஏறி...” என்று நான் தொடர்ந்தேன். அந்த வாக்கியத்தை முடித்த பிறகுதான் சுவிட்சை அணைத்தேன். வாக்கியங்களைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது.

ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆள், நாலு புத்தகம் படித்தவன் என்று தெருவில் பேர் வாங்கியவன், தரைத்தொட்டி ஓரமாக நின்று மனைவிக்குப் பம்பு பாடம் நடத்த வேண்டிய அவசியம் எப்படி வந்தது என்று கேட்கலாம். எங்கள் ஒரே மகளால் வந்தது.

அவள் மெரைன் இன்ஜினியரிங் படித்தவள். படித்துக்கொண்டிருந்தவரை என் மனைவிக்கு ஓர் ஆட்சேபமும் இருக்கவில்லை. படிப்பு முடிந்ததும் மகள் எங்கள் தூத்துக்குடித் துறைமுகத்திலேயே ஏதாவது ஓர் ஏசி அறையில் மேசை போட்டு உட்காருவாள், மத்தியானம் யாரிடமாவது சோறு கொடுத்தனுப்பலாம் என்று மனைவி தன் பாட்டுக்கு ஒரு படத்தை மனதில் ஓட்டியிருக்கிறாள். அந்தப் படத்தை எனக்கோ மகளுக்கோ காட்டவில்லை. சிங்கப்பூர் போய்ச் சரக்குக் கப்பலில் ஏற வேண்டும், இன்ஜின் அறையில் ஜூனியர் இன்ஜினியர் வேலை என்று அழைப்பு வந்த அன்றுதான், ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேரும் மூன்று தனி வீடுகளில் வசித்துவந்திருப்பது தெரிந்தது.

என் மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நான் போகாதன்னு சொல்லல. அவ இஷ்டம். என்ட்ட ஒண்ணும் கேக்காதிய” என்று மட்டும் சொன்னாள். அதோடு ஒரு காரியத்தை நிறுத்திக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் வாசல்படி இறங்கும்போது யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. ‘போயிட்டு வாரேன்’ என்பார்கள். உள்ளே இருப்பவர் ‘போயிட்டு வா’ என்று பதில் கொடுக்க வேண்டும். முக்குக் கடைக்கு மல்லித்தழை வாங்கப் போனாலும் இதுதான் வழக்கம். என் மனைவி அந்தப் பதிலை நிறுத்திவிட்டாள். மகள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, “அம்மா, போயிட்டு வாரேன்” என்பாள். அடுப்படியில் மிக்சி ஓட ஆரம்பிக்கும். அரைப்பதற்கு ஒன்றும் இல்லாத வேளைகளிலும் ஓடியது என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

மகள் ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி என்னிடம் சொன்னாள். “அப்பா, அம்மா சொல்லாட்டியும் நான் போவேன். ஆனா அந்த ஒரு வார்த்த இல்லாம போனேன்னா, அங்கன போயி எனக்கு வேலையே ஓடாதுப்பா.”

“நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை அவ்வளவாக இல்லை.

நான் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிளியரிங் ஏஜெண்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். என் வாழ்நாளில் எத்தனையோ கப்பல்களைக் காகிதத்தில் வரவேற்றுக் காகிதத்திலேயே வழியனுப்பியிருக்கிறேன். ஒரு கப்பலின் வயிற்றுக்குள்ளும் இறங்கிப் பார்த்ததில்லை. இந்தத் தகுதியை வைத்துக்கொண்டு மனைவியின் பயத்தைப் போக்க முடிவு செய்தேன். அவளுக்குப் பயம் எதில்? தண்ணீரில். தாமிரபரணிக் கரை வயல் கிராமத்தில் பிறந்தவள். ஆற்றுக்கு இரண்டு கரை உண்டு, வாய்க்காலுக்கு மடை உண்டு. மறுகரை தெரியாத தண்ணீரை அவள் தண்ணீர் என்றே ஒப்புக்கொண்டதில்லை. கப்பலில் தண்ணீரைக் கட்டுக்குள் வைத்திருப்பது எது? பம்பு. ஆகவே பம்புகளைப் பற்றித் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் என்னால் விரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒழுகியது.

மகளுடைய பாடப்புத்தகங்களில் தடிமனான ஒன்றை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பம்பு அத்தியாயத்தைப் படித்தேன். முதல் பாடம் அடுப்படி வாசலில் நடந்தது. மனைவி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் வேலை இருக்கும் மாணவி எழுந்து ஓட மாட்டாள்.

“ஒரு கப்பல்ல எத்தன பம்பு இருக்கும்னு நெனைக்க?”

“கப்பலுக்கு எதுக்குப் பம்பு? சுத்தித் தண்ணிதான கெடக்கு?”

நல்ல கேள்வி. சரக்கை இறக்கிவிட்டால் கப்பல் லேசாகி உயரமாக மிதக்கும், காற்றில் தள்ளாடும், அதனால் அடியில் உள்ள தொட்டிகளில் கடல்தண்ணீரையே ஏற்றிக் கனமாக்கிக்கொள்வார்கள், அதற்குத்தான் பேலஸ்ட் பம்பு என்றேன். அது மையவிலக்குப் பம்பு. ஒரு கூட்டுக்குள் வளைந்த தகடுகள் வைத்த சக்கரம். நனைந்த குடையை விரித்துச் சுழற்றினால் துளிகள் ஓரத்துக்குப் பறப்பதுபோல, நடுவில் வரும் தண்ணீரைச் சக்கரம் ஓரத்துக்கு வீசும். வீசியதும் நடுவில் இடம் காலியாகும். அந்தக் காலி இடத்துக்குள் தண்ணீரைத் தள்ளிவிடுவது வெளியே நம் தலைக்கு மேல் இருக்கிற காற்றின் கனம். பம்பு எதையும் உறிஞ்சுவதில்லை. இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது, அவ்வளவுதான். இதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்திருந்தேன். இத்தனை வருடம் இளநீரை நான்தான் உறிஞ்சிக் குடித்தேன் என்று எனக்கு ஒரு சிறிய பெருமை இருந்தது.

அவள் கத்தியை நிறுத்தினாள். “அப்போ கடல்தண்ணிய அவனே உள்ள விடுதான்.”

“வேணும்னுதான் விடுதான். அளவா.”

“அளவு தப்பினா?”

“தப்பாது.”

“ஒங்களுக்குக் கஞ்சிக்கு உப்புப்போட அளவு தெரியாது. அங்கன ஒருத்தன் கடலையே அளந்து ஊத்துதானாம்.”

அடுத்த பாடத்துக்கு பில்ஜ் பம்பை எடுத்தேன். கப்பலின் அடிவயிற்றில் கசிவுத் தண்ணீரும் எண்ணெயும் அழுக்கும் வந்து சேரும் பள்ளத்துக்கு பில்ஜ் என்று பெயர். அதைக் காலி செய்யப் பெரும்பாலும் வைப்பது பிஸ்டன் பம்பு. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பின் பெரியப்பா. தண்டு மேலே போகும்போது ஒரு வால்வு திறந்து ஒரு வாய் தண்ணீர் உள்ளே வரும். கீழே இறங்கும்போது அந்த வால்வு மூடி இன்னொன்று திறந்து, வந்த ஒரு வாயும் வெளியே போகும். வேகம் கிடையாது, ஆனால் ஆரம்பத்தில் குழாயில் காற்று இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். மையவிலக்குப் பம்பால் அது முடியாது. அதற்கு முதலில் வாய்நிறையத் தண்ணீர் ஊட்டிவிட வேண்டும்.

இங்கே நான் ஓர் உவமை சொன்னேன். மையவிலக்குப் பம்பு என்னைப் போல; போகும் வழியை அடைத்தாலும் தனக்குள்ளேயே சும்மா சுற்றிக்கொண்டு கிடக்கும், யாருக்கும் சேதம் இல்லை. பிஸ்டன் பம்பு உன்னைப் போல. வழியை அடைத்தால் எதையாவது வெடிக்க வைத்துவிடும், அதனால்தான் அதற்கு அழுத்தம் மீறினால் திறந்துகொள்கிற ஒரு ரிலீஃப் வால்வு வைக்கிறார்கள். உவமை சரியானது. அன்று ராத்திரி ரசத்தில் உப்பு இல்லை.

“அது கெடக்கட்டும்” என்றாள் பரிமாறியபடி. “அப்போ கப்பல் ஒழுகுது.”

“ஒழுகுதுன்னு சொல்ல முடியாது. கசியும்.”

“கசிஞ்சா ஒழுகுததுதான. இந்தக் கடல்ல முத்துக்குளிச்சவன்கூட மூச்சடக்கி முங்கினான், பொழுதடைய வீட்டுக்கு வந்துட்டான். இவ ஒழுகுத கப்பல்ல போயி ஆறு மாசம் கழிச்சு வருவாளாம்.”

கியர் பம்பில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. இன்ஜினுக்கு எண்ணெய் கொடுப்பது அது. இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துச் சுற்றும். எண்ணெய் அந்த இரண்டுக்கும் நடுவே நசுங்கிப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, பல்லுக்கும் கூட்டின் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியில் உட்கார்ந்து ஓரமாகச் சுற்றிப் போகிறது. கல்யாண வீட்டில் நடுக்கூட்டத்தில் நுழைய முடியாதவர்கள் சுவரை ஒட்டியே நகர்ந்து பந்திக்குப் போய்ச் சேருவதுபோல. “அது சரிதான்” என்றாள் மனைவி. எங்கள் திருமண வாழ்க்கையில் அபூர்வமாகக் கிடைக்கும் சொற்கள் அவை. உற்சாகத்தில் மேலே போனேன். முக்கியமான பம்பு எதுவும் தனியாக இருக்காது, ஜோடியாகத்தான் வைப்பார்கள், ஒன்று ஓடும்போது மற்றொன்று தயாராக நிற்கும், அழுத்தம் குறைந்தால் அது தானாக ஓட ஆரம்பிக்கும் என்றேன்.

“எல்லாம் ரெண்டு ரெண்டா வச்சிருக்கானா?”

“ஆமா. ஒண்ணுக்கு ஒண்ணு துணை.”

அவள் கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு, “நமக்கு ஒண்ணுதான இருக்கு” என்றாள்.

அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள், தண்ணீரை விட்டுவிட்டுத் தீயைப் பற்றிப் பேசுவோம், தீயென்றால் அவளுக்கு அடுப்படிப் பழக்கம் உண்டு என்று யோசித்தேன். கப்பலில் தீயணைக்கத் தனியாகப் பம்பு உண்டு, கடல் முழுவதும் தண்ணீர் இருக்கும்போது என்ன கவலை, அதுவும் போதாதென்று அவசரத் தீப்பம்பு என்று இன்னொன்றும் உண்டு, அதற்கு மின்சாரமோ டீசலோ தனி, அதை வேறு இடத்தில் வைத்திருப்பார்கள் என்று அடுக்கினேன்.

“வேற இடத்துலன்னா?”

“இன்ஜின் ரூமுக்கு வெளிய. தள்ளி.”

“ஏன் அப்பிடி?”

“மத்த பம்பெல்லாம் இன்ஜின் ரூம்லதான இருக்கு? இன்ஜின் ரூமே தீப்பிடிச்சிட்டா...”

இந்த ஒரு முறை வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். காலம் கடந்துவிட்டது. எங்கள் மகளுக்கு வேலை எந்த அறையில் என்பதை நாங்கள் இரண்டு பேரும் ஒரே கணத்தில் நினைத்துக்கொண்டோம். அவள் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் குழாய் ஓடியது. தண்ணீர் மூன்று நாளைக்கொருமுறை வரும் ஊரில் அப்படி வெறுமனே குழாயைத் திறந்துவிடுகிறவள் அல்ல அவள்.

அவள் குளியலறையில் இருந்தபோது மகள் வந்து, “என்னப்பா செஞ்சிய?” என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தாள். “எமர்ஜென்சி ஃபயர் பம்ப்லயா போயி ஆரம்பிச்சிய? ஒங்களுக்கு வேற சாப்டரே கெடைக்கலயா?”

“அதுலதான் முடிச்சேன்” என்றேன்.

கிளம்ப ஒரு வாரம்கூட இல்லை. கடைசி முயற்சியாகத்தான் அந்த மோட்டார் யோசனை வந்தது. கப்பல் பம்பு என்றால் ஏதோ பூதம் இல்லை, நம் வீட்டு மோட்டாரும் அதே ஜாதிதான், கூடு, சக்கரம், காலியிடம், எல்லாம் அதேதான், இதற்குப் போய்ப் பயப்படுவாயா என்று காட்டிவிட நினைத்தேன். ஒரு காலை வேளையில் அவளைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனேன். மோட்டாரின் தலையில் உள்ள அடைப்பைத் திருகி எடுத்து உள்ளே இருந்த தண்ணீரைக் காட்டினேன். மறுபடி மூடி, சுவிட்சைப் போட்டேன். தரைத்தொட்டியில் தண்ணீர் குறைந்து, குழாயின் முனை வெளியே தெரிந்துகொண்டிருந்தது. தொட்டி மூடியைத் திறந்து பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மறுநாள் தண்ணீர் வருகிற நாள். காலையில் தரைத்தொட்டி நிறைந்துவிட்டது. மோட்டார் சத்தம் போட்டது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. அச்சு நுழைகிற இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டு, ஈரத்துணி கருகினாற்போல ஒரு நாற்றம். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் உறவுக்காரர் கல்யாணத்துக்காக வெளியூரில் இருந்தார். பின்னணியில் நாதசுரம் கேட்டது.

“அண்ணாச்சி, தண்ணியில்லாம ஓட்டினியளா?” என்றார்.

“கொஞ்ச நேரம்.”

“எதுக்கு?”

“பேசிக்கிட்டிருந்தேன்” என்றேன். அவர் நாதசுரத்துக்குப் போய்விட்டார்.

என் மனைவி வாளியில் மொண்டு மாடிப்படி ஏறத் தொடங்கினாள். இரண்டாவது வாளியோடு அவள் படியில் நின்று மூச்சு வாங்கியபோது, மகள் பழைய நைட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு, ஸ்பானர் பையோடு கொல்லைக்கு வந்தாள்.

கடற்கரை ஊரில் உப்புக்காற்று எந்த போல்ட்டையும் சும்மா விடாது. நாலு போல்ட்டும் துருவேறிக் கல்லாக இருந்தன. மண்ணெண்ணெய் விட்டாள், சுத்தியலால் லேசாகத் தட்டினாள், காத்திருந்தாள், மறுபடி தட்டினாள். அவள் அவசரப்படாததைப் பார்க்க எனக்கு வியப்பாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டில் அந்தப் பொறுமையை நான் கண்டதில்லை. கூடு கழன்று வந்தது. உள்ளே பித்தளைச் சக்கரம்.

சக்கரம் அச்சில் மரை போட்டு ஏறியிருக்கும். அதைத் திருகினால் அச்சும் கூடவே சுற்றும். அதனால் மோட்டாரின் பின்பக்க மூடியைக் கழற்றி, அங்கே தெரிகிற அச்சின் முனையில் இருக்கும் பள்ளத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒருவர் அசையாமல் பிடிக்க வேண்டும். இன்னொருவர் முன்பக்கத்தில் சக்கரத்தைத் திருக வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாத வேலை. நான் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

“நீங்க வேண்டாம்பா” என்றாள் மகள். பிறகு தலையைத் திருப்பாமல், “எம்மா, இங்கன வா” என்றாள்.

படியில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. மனைவி வந்து குந்தினாள். ஸ்க்ரூ டிரைவரை வாங்கிப் பள்ளத்தில் பொருத்தினாள்.

“புடிச்சிட்டியா?”

“ம்.”

“விட்ராத. நான் திருப்புதேன்.”

“திருப்பு.”

“அசையுதேம்மா.”

“நான் எங்க அசைக்கேன்? நீதான் வெட்டி இழுக்க. மெள்ளத் திருப்புளா.”

அழைப்பு வந்த நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால், நடுவில் ஒரு மோட்டார். மூன்றாவது முயற்சியில் சக்கரம் விட்டுக்கொடுத்தது. பின்னால், தண்ணீர் கசியாமல் அச்சைச் சுற்றி அடைத்திருக்கும் சீல் கருகி விண்டிருந்தது. வெறுமனே ஓடினால் முதலில் சாவது அதுதான் என்றாள் மகள். பழைய சீலை ஒரு பாலித்தீன் பையில் போட்டு என் கையில் கொடுத்து, “இத அப்பிடியே கடையில குடுத்து, இதே மாதிரி ஒண்ணு கேளுங்க. வேற ஒண்ணும் பேசாண்டாம்” என்றாள்.

பேசாமலே வாங்கி வந்தேன். கொல்லைக் கதவருகே வந்தபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. தரைத்தொட்டி மூடிமேல் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முதுகு என் பக்கம். நான் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

“அங்கனயும் இப்பிடித்தான் ரெண்டு பேரு வேணுமா?” இது மனைவி.

“வேணும்மா. ஆனா எல்லாம் பெரிசு. செயின் போட்டுத்தான் தூக்கணும்.”

“ஒன்னால தூக்க முடியுமாளா?”

“செயின் தூக்கும். நான் இழுத்தா போதும்.”

மனைவி உள்ளங்கையில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிவிட்டாள். பிறகு, “அந்த ஒழுகுத தண்ணிய வெளிய தள்ளுத பம்பு இருக்குல்லா, ஒங்க அப்பா சொன்னாவ. அது நின்னு போனா?”

“இன்னொண்ணு இருக்கும்மா.”

“அதுவும் நின்னுட்டா?”

“நின்னா என்ன, இப்பச் செய்யுதோம்லா, இதே மாதிரி பிரிச்சு மாட்டி ஓட்டுவோம்.”

“யாரு?”

“நாங்கதான். நான்தாம்மா. அதுக்குத்தான என்னையக் கூப்புடுதான்.”

என் மனைவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். “ஒங்க அப்பா இதச் சொல்லவே இல்லியே. ஒண்ணு நின்னா ஒண்ணு தன்னால ஓடும்னாவ. தீப்பிடிக்கும்னாவ. அங்கன ஆளு இருக்கும்னு ஒரு வார்த்த சொல்லல.”

உண்மைதான். நான் படித்த அத்தியாயத்தில் எல்லாப் பம்புகளையும் குறுக்கே வெட்டி, அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். ஒரு படத்திலும் மனிதர்கள் இல்லை. என் பாடத்திலும் இல்லை. கப்பல் நிறையப் பம்புகளை வைத்துவிட்டு, மகளை அவற்றுக்கு நடுவே தண்ணீரும் தீயும் எப்போது வருமோ என்று உட்கார்ந்திருக்கிற பயணி மாதிரி விட்டிருந்தேன்.

“ஒனக்குப் பயமா இல்லியா?” என்று மனைவி கேட்டாள்.

எங்கள் மகள் கையிலிருந்த சக்கரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “பயமாத்தாம்மா இருக்கு” என்றாள். அதை அவள் என்னிடம் சொன்னதில்லை.

“பொறவு எதுக்குப் போற? போகாண்டாம்.”

“பயந்துக்கிட்டே போறேன்.”

மனைவி சேலைத் தலைப்பை எடுத்து மகளுடைய கன்னத்தில் இருந்த கிரீஸைத் துடைத்தாள். கிரீஸ் சேலையிலும் ஏறி, கன்னத்திலும் அகலமாகப் பரவியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு போல ஆரம்பித்தது, நடுவில் மனைவியின் தோள் குலுங்கிய விதம் வேறாக இருந்தது. மகள் கிரீஸ் கையோடு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நான் வாசல் பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

“சீல் வாங்கியாச்சு” என்றேன்.

“வாங்கிட்டு வரத்தான அனுப்புனோம்” என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. உறிஞ்சுதல் என்று உலகில் ஒன்று கிடையாது என்பதை அப்போது நினைவூட்டாத அளவுக்கு எனக்குப் புத்தி வந்திருந்தது.

புதுச் சீலை மாட்டி எல்லாவற்றையும் பூட்டினார்கள். மகள் மோட்டாரின் தலை அடைப்பைத் திறந்து, “அம்மா, ஊத்து” என்றாள். மனைவி செம்பால் தண்ணீர் ஊற்றினாள். உள்ளேயிருந்து குமிழ் குமிழாகக் காற்று வந்தது.

“நெறஞ்சிட்டு” என்றேன் நான்.

“இன்னும் காத்து வருதுல்லா, பாக்கலியா?” என்றாள் மனைவி. குமிழ் நின்று, தண்ணீர் விளிம்பில் அசையாமல் நிற்கும்வரை ஊற்றினாள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முதலில் வெறுமையாக இரைந்தது. பிறகு தண்ணீரைப் பிடித்துக்கொண்டதும் குரல் கனத்தது. மகள் மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மனைவியும் பக்கத்தில் தன் கையை வைத்தாள். மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும்வரை இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

கிளம்புகிற நாள் வந்தது. விமான நிலையத்துக்கு வரமாட்டேன், அங்கே வந்து ஊர் பார்க்க அழுதுகொண்டு நிற்க முடியாது என்று மனைவி சொல்லிவிட்டாள். பெட்டியில் முந்திரி மக்ரூன் பொட்டலங்களை எங்கெங்கோ செருகியிருந்தாள். காலணிக்குள்ளும் ஒன்று இருந்ததாக மகள் பிறகு சொன்னாள். கார் வந்தது. பெட்டியை ஏற்றினேன். மகள் வாசல்படியில் நின்றாள். சாதாரணமாகச் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

“அம்மா, போயிட்டு வாரேன்.”

நான் அடுப்படிப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தேன். மிக்சி ஓடவில்லை. மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் காரைக் கிளப்பிவிட்டு, எங்களைப் பார்த்து மறுபடி அணைத்தார்.

“ம். போயிட்டு வா” என்றாள். பிறகு, நான் எந்தப் பாடத்திலும் கேட்காத ஒரு குரலில், “ரெண்டும் நின்னுபோச்சுன்னா பதறாத, என்ன? மொதல்ல உள்ள இருக்க காத்த வெளிய எடு” என்றாள்.

“சரிம்மா” என்றாள் எங்கள் இன்ஜினியர்.

கப்பலேறிச் சில வாரங்கள் கழித்து ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து வீடியோவில் பேசினாள். ஆரஞ்சு நிற உடுப்பு, முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு. நான் இந்த நாளுக்காகவே புத்தகத்தில் மீதிப் பக்கங்களையும் படித்துத் தயாராக இருந்தேன். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து அந்த வேகத்திலேயே பக்கத்துத் தண்ணீரையும் இழுத்துப்போகிற எஜெக்டர், சுழலும் ஓர் உறுப்புகூட இல்லாமலே வேலை செய்கிற அந்த அதிசயம் பற்றி ஒரு கேள்வி வைத்திருந்தேன்.

“எந்தப் பம்பு ஒன் பொறுப்புல இருக்கு?” என்று கேட்டேன்.

“பம்பா? அப்பா, நான் ஜூனியர்ப்பா. பில்ஜ்ல எறங்கி சேறு அள்ளுதேன். அள்ளினதும் தரையப் பெருக்கித் தொடைக்கணும். இப்போதைக்கு அதுதான் வேல.”

மனைவி போனை வாங்கி, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டாள். திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்னல் போய் முகம் உறைந்து, பிறகு அதுவும் மறைந்த பிறகு போனைத் தலைப்பில் துடைத்து மேசைமேல் வைத்தாள்.

“இந்த வீட்டுல ஒரு நாளாவது வாரியலத் தொட்டுப் பெருக்கியிருப்பாளா?” என்றாள் என்னைப் பார்த்து. “அதுக்கு சிங்கப்பூர் வரைக்கும் போகணுமாக்கும்.”